எட்டாவது துளை பூவரசன் போட்டது

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் அஸ்ஃபாக். சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு, குடியிருப்பது பெரம்பலூரில். எட்டு வருடம் ஷார்ஜாவில் அடுத்தவன் போனைப் பிரித்துப் பிரித்து மாட்டியது போதும் என்று ஊருக்கு வந்தவன். என் கதை அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது பூவரசனைப் பற்றி. எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் பதினேழு வருடமாக வெடி வைக்கத் துளை போடுகிற மனிதர். அவர் பெயரை இங்கே திரும்பத் திரும்ப எழுதப்போகிறேன். எழுத வேண்டியவன் எவனும் எழுதவில்லை, அதனால்தான்.

பூவரசனுக்கு வயது நாற்பத்தொன்று. ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வீடு. கம்பெனி ஆள் கிடையாது, கான்டிராக்டர் ஆள். பதினேழு வருடமும் கான்டிராக்டர் ஆள்தான். டிரில் மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சம். காதுக்கு வைக்கிற அடைப்பான் கூட முதல் ஆறு வருடம் யாரும் கொடுக்கவில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சிரிக்காதீங்கண்ணே, எரிச்சலா வருது" என்பேன்.

"என்ன பாய் சொன்ன? இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்று இடது காதைக் காட்டுவார்.

காது போனதால் அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. சினிமாவைக் கண்ணால் மட்டும் பார்ப்பார். வசனம் பாதி விழாது, பாட்டு முழுசாக விழாது. ஹீரோ பேசும்போது நாம் அவன் வாயைப் பார்ப்போம். பூவரசன் அவனுக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்ப்பார். பார்ப்பது அத்தனையும் சூப்பர் ஹீரோ படம். "அதுலதான் பாய் பேச்சு கம்மி, உடைக்கிறது ஜாஸ்தி. நம்ம தொழிலு" என்பார்.

ஸ்பீக்கரில் சுண்ணாம்புத் தூசி அடைத்துக்கொண்டது என்று ஒருநாள் போனைக் கொண்டுவந்தார். துடைத்துக் கொடுத்தேன். போனில் 'கந்தகன்' படம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் அந்தக் கிறுக்கு உண்டு. ஒரு மணி நேரம் பேசினோம். அடுத்த வாரம் ரிப்பேரே ஆகாத போனை எடுத்துக்கொண்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படித்தான் பழக்கம் ஆனது.

கந்தகன் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தென்முனை பிக்சர்ஸ் என்ற கம்பெனியின் ஹீரோ. கந்தகச் சுரங்க விபத்தில் மாட்டி, உடம்பில் நெருப்போடு எழுந்து வருபவன். அவனுக்குப் போட்டி நீராழி. அஷ்டமி ஸ்டூடியோஸ் என்ற இன்னொரு கம்பெனியின் ஹீரோ, தண்ணீரில் மூச்சு விடுபவன். இரண்டு கம்பெனியும் ஒன்றை ஒன்று பார்த்தால் காறித் துப்பும். ரசிகர்கள் அதற்கு மேல். இந்த இரண்டு பேரும் ஒரே படத்தில் வருவார்களா மாட்டார்களா என்று இணையத்தில் நாள் முழுக்கக் குடுமிப்பிடி சண்டை நடக்கும். யார் பெயர் போஸ்டரில் முதலில் வரும், அந்தக் கம்பெனியின் ஹீரோவை இந்தக் கம்பெனி அடிக்கலாமா, அடித்தால் எத்தனை அடி என்று வக்கீல் மாதிரி பேசுவார்கள். இரண்டு படத்திலும் ஒரே பால் பாக்கெட் வந்தது, ஆகவே இரண்டும் ஒரே உலகம் என்று ஒருவன் எழுதினான். செய்தி வாசிக்கிற பெண் இரண்டிலும் ஒரே ஆள் என்று இன்னொருவன் எழுதினான். நானும் ராப்பகலாக இதைப் படிக்கிறவன்தான். படித்ததைப் பூவரசனின் இடது காதில் கத்துவேன்.

"பாலு பாக்கெட்டு எல்லா ஊர்லயும் விக்கிறான் பாய். அதெல்லாம் ஒரு அத்தாட்சியா?" என்று கையை வீசிவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர், போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை திறந்ததும் திறக்காததுமாக வந்து நின்றார். சட்டை பட்டன் மாறிப் போட்டிருந்தது. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். நீராழி படத்தில் ஒரு காட்சி. ஹீரோ ஒரு பச்சைத் தண்ணீர்க் குட்டையிலிருந்து எழுந்து வருகிறான், பின்னால் உயரமாக வெள்ளைச் சுவர். பிறகு கந்தகன் படத்தில் ஒரு காட்சி. ஹீரோ எரிந்துகொண்டே ஒரு பள்ளத்தில் விழுகிறான், பின்னால் புகை, புகைக்குள் அதே மாதிரி ஒரு சுவர்.

"என் ஹோலு பாய் இது. ரெண்டுலயும் என் ஹோலு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விரலால் காட்டினார். சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள். ஒன்று, இரண்டு என்று ஏழு கோடு, அளந்து வைத்த மாதிரி நேராக. எட்டாவது கோடு மட்டும் வலது பக்கம் சாய்ந்து கிடந்தது. இரண்டு படத்திலும்.

சுரங்கத்தில் வெடி வெடித்ததும் துளையில் பாதி உடைந்த கல்லோடு கீழே போய்விடும். மறு பாதி சுவரில் அரைக்குழாய் மாதிரி அப்படியே நிற்கும். அதுதான் அந்தக் கோடு. கல் தீர்ந்துபோய்க் கைவிட்ட ஒரு குழியின் வடக்குச் சுவர் அது. மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கும். சினிமாக்காரர்கள் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு கம்பெனியும் இரண்டு வருட இடைவெளியில் அங்கே வந்திருக்கிறது. அந்த இரண்டு கம்பெனிக்குமே இது தெரிந்திருக்காது.

எட்டாவது துளை ஏன் கோணலானது என்பதற்கு ஒரு கதை உண்டு. அன்றைக்கு மெஷினைத் தாங்குகிற ஜாக்கியில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. மெஷின் ஒரு பக்கம் இறங்குகிறது, சரி செய்துவிட்டுப் போடுகிறேன் என்று பூவரசன் சொன்னார். சூப்பர்வைசர் செல்லதுரை கேட்கவில்லை. "ரெண்டு மணிக்கு வெடி. போடுய்யா, பேசாத" என்றான். போட்டார். ஏழு வரைக்கும் தாங்கிய ஜாக்கி எட்டாவதில் இறங்கிவிட்டது. மறுநாள் அதே செல்லதுரை பூவரசனுக்கு மெமோ எழுதிக் கையில் கொடுத்தான். ஜாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை அதில் இல்லை.

"மெமோ இருக்கு பாய். ஜெயசித்ரா பத்திரமா வச்சிருக்கு" என்றார் பூவரசன். ஜெயசித்ரா அவர் மனைவி. அரியலூர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை.

அவருடைய வாதம் எளிமையானது. ஒரு சுவர் ஒரு இடத்தில்தான் இருக்க முடியும். அந்தச் சுவருக்கு முன்னால் நீராழியும் நின்றான், கந்தகனும் விழுந்தான். அப்படியானால் இருவரும் ஒரே ஊர், ஒரே உலகம். கந்தகன் விழுந்த பள்ளத்தில்தான் பிறகு தண்ணீர் நிறைந்தது. அந்தத் தண்ணீரில்தான் நீராழி பிறந்தான். நெருப்பு விழுந்த குழியில் தண்ணீர் பிறந்தது. சொல்லிவிட்டு, "எப்புடி?" என்று என்னைப் பார்த்தார். யா அல்லாஹ், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை ஆயிரம் பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள், ஒருவனுக்கும் இது தோன்றவில்லையே.

மெமோவின் பின்பக்கத்தில் அவரே பேனாவால் எழுதினார். சுவரை வரைந்து, எட்டுக் கோடு போட்டு, கீழே: 'நீராழி 1 மணி 12 நிமிடம். கந்தகன் 48-வது நிமிடம். ரெண்டும் ஒரே குழி. ரெண்டு பேரும் ஒரே உலகம்.' தேதியும் போட்டார். நான் அதை வைத்து வீடியோ தயார் செய்தேன். பேசியது என் குரல், யோசனை முழுக்க அவருடையது. ஹெல்மெட்டும் முகமூடியுமாக அந்தச் சுவர் முன் அவர் நிற்கிற ஒரு போட்டோவையும் சேர்த்தேன். 'குவாரி டாக்கீஸ்' என்ற எங்கள் சேனலில் அதுவரை இருநூற்றுப் பத்துப் பேர். ஒரே வாரத்தில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

அங்கேதான் ரீல் ராக்கெட் வந்தான். சென்னையில் உட்கார்ந்து பத்து லட்சம் பேருக்கு சினிமா பேசுகிறவன். அவன் அம்மா வைத்த பெயர் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. எங்கள் வீடியோவை ஓடவிட்டு ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தான். "குவாரி அங்கிள், குவாரி அங்கிள், ரெண்டு பேருக்கும் லொகேஷன் சீப்பா கிடைச்சிருக்கு. அவ்ளோதான் மேட்டர். போய்க் கல்லு உடைங்க அங்கிள்!" என்றான். கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்புப் படங்கள்.

நான் கொதித்துப்போனேன். பூவரசன் அவன் பேச்சு வீடியோவின் அடியில் எழுத்தாக ஓடுவதை நிதானமாகப் படித்தார். "லொகேஷன்தான். அது எனக்குத் தெரியாதா? நான்தானே அங்க நிக்கிறேன். ஆனா படத்துக்குள்ள இருக்குறவனுக்கு அது ஊருதானே பாய்? கதை எழுதுனவன் சுவத்தை மாத்தலைன்னா, சுவரு கதையிலதானே இருக்கு?" என்றார். அந்தச் சென்னைக்காரனின் பத்து லட்சம் பேரில் ஒருவன் இப்படி யோசித்திருப்பானா? எவனும் இல்லை.

இப்போது என் பாவத்தைச் சொல்கிறேன்.

நான்கு நாள் கழித்து செல்லதுரை எனக்கு போன் செய்தான். பூவரசன் அப்போது குழிக்குள் வேலையில் இருந்தார், உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. "யாரைக் கேட்டு மைன்ஸுக்குள்ள எடுத்த போட்டோவப் போட்டீங்க? மேனேஜர் கண்ணுல பட்டா அந்தாளு கேட் பாஸ் போயிடும். எடுத்துடுங்க" என்றான். பதினேழு வருட வேலை என்னால் போய்விடுமே என்ற பயம். போட்டோவை மட்டும் வெட்டியிருக்கலாம். வீடியோவை யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருக்கலாம். போன் கடைக்காரன் நான், இது எல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அழித்தேன். முழுசாக, அடியோடு அழித்தேன். இடம் அடைக்கிறது என்று கம்ப்யூட்டரிலிருந்த பிரதியை ஏற்கெனவே அழித்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயந்திரம் பூவரசன் வந்தார். சொன்னேன். இடது காதை என் பக்கம் திருப்பி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். "சரி விடு பாய். நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏழு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து போனைத் திறந்தால் ஒரே களேபரம். தென்முனையும் அஷ்டமியும் கை கோத்துவிட்டன. கந்தகனும் நீராழியும் ஒரே படத்தில். படத்தின் பெயர் 'எட்டாம் கோடு'. போஸ்டரில் ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் வெள்ளைச் சுவர். ஏழு கோடு நேராக. எட்டாவது சாய்ந்து.

நெருப்பு விழுந்த குழியில் தண்ணீர் பிறந்தது என்று போஸ்டரின் அடியில் எழுதியிருந்தார்கள். பூவரசன் சொல்லி எங்கள் வீடியோவில் நான் பேசிய வரி, வார்த்தை மாறாமல்! இயக்குநர் ஒரு பேட்டியில், இந்த யோசனை தனக்கு விமானத்தில் போகும்போது வந்தது என்றார். வந்திருக்கும், வந்திருக்கும். இதில் ராக்கெட் வேறு கிளம்பிவிட்டான். எங்களைக் கேலி செய்த வீடியோவைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டு, "இதை நான் அன்னைக்கே சொன்னேன் மக்களே" என்று புதிதாக ஒன்று போட்டான். கம்பெனிக்காரர்கள் அவனை மேடைக்கு அழைத்து, முதலில் கண்டுபிடித்த ரசிகர் என்று சால்வை போட்டார்கள். போர்த்திக்கொண்டு சிரிக்கிறான், வெட்கம் கெட்டவன்.

பூவரசன் அந்தப் போஸ்டரின் கோடுகளை விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"படம் ஆரம்பிக்கிறப்போ நன்றின்னு பேரு போடுவான்ல பாய். கலெக்டரு, போலீஸு, ஊர் மக்கள்னு. அதுல ஒரு ஓரமா என் பேரைப் போடச் சொல்லிக் கேக்கலாமா? வேற எதுவும் வாணாம்."

கேட்டோம். இரண்டு கம்பெனிக்கும் மெயில் அனுப்பினேன். ஒரு கம்பெனி பதிலே போடவில்லை. இன்னொன்று ஒரே வரியில் பதில் போட்டது: உங்கள் வீடியோவின் இணைப்பை அனுப்பவும். எந்த இணைப்பை அனுப்புவது? நான் அழித்துவிட்டேனே!

ஜெயசித்ரா அக்கா அன்றைக்குக் கடைக்கு வந்து சத்தம் போட்டது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். "இவரு தப்பா போட்டாருன்னு மெமோ குடுத்தானுவ. அதையே பாத்துக் காப்பி அடிச்சவனுக்குச் சால்வையா? என்னா நியாயம் தம்பி இது? நீயாச்சும் அழிக்காம இருந்திருக்கக் கூடாதா?" என்றார். ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்த மெமோவைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். "இதைக் கொண்டுபோய்க் காட்டுங்க ரெண்டு பேரும்."

திருச்சியில் ஒரு பெரிய வணிக வளாகத்தில் ரசிகர் சந்திப்பு வைத்தார்கள். பூவரசன் ஒரு நாள் லீவு போட்டு, தேய்த்த சட்டை போட்டு வந்தார். மூன்று மணி நேரம் நின்று கம்பெனி ஆள் ஒருவரைப் பிடித்தோம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட, சிரித்துக்கொண்டே இருக்கிற ஆள். மெமோவைக் கொடுத்தோம். படித்தார்.

"சார், இது நீங்க தப்பா டிரில் பண்ணீங்கன்னு உங்க ஆபீஸ் குடுத்த மெமோ. இதுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்தச் சுவர் எங்க ஆர்ட் டைரக்டர் டிசைன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பூவரசன் அந்த ஆளின் மார்பைக் காட்டினார். அவர் போட்டிருந்த டீ சர்ட்டில் அந்த எட்டுக் கோடு அச்சடித்திருந்தது. "தப்புங்க. இடது பக்கம் சாஞ்சிருக்கு. வலதுல சாயணும். பதினஞ்சு டிகிரி. பின்னாடி திருப்பிப் பாருங்க, வரைஞ்சிருக்கேன்" என்றார். அந்த ஆள் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மெமோவின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். "கண்டிப்பா டீம் கிட்ட சொல்றேன் சார்" என்று எங்கள் கையில் ஆளுக்கு ஒரு டீ சர்ட்டைத் திணித்து அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது பூவரசன், "போட்டோ எடுத்துக்கிட்டாரு பாய், பேரு அதுல தெளிவா இருக்கு" என்றார். நம்பினார். அந்த நம்பிக்கைதான் எனக்குத் தாங்கவில்லை.

படம் வந்தது. பெரம்பலூரில் முதல் நாள் மதியக் காட்சிக்கு மூன்று பேரும் போனோம். திரையில் நன்றி என்று வந்ததும் பூவரசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மந்திரிக்கு நன்றி. அதிகாரிகளுக்கு நன்றி. ஓட்டலுக்கு நன்றி. கேரவன் கொடுத்தவருக்கு நன்றி. எங்கள் அன்பு ரசிகன் ரீல் ராக்கெட்டுக்கு நன்றி. முடிந்தது. ஜெயசித்ரா அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இடைவேளைக்கு முன்னால் அந்தச் சுவர் வந்தது. கோடு சரியாக வலது பக்கம் சாய்ந்திருந்தது. திருத்திவிட்டார்கள். வில்லன் அதைத் தடவிப் பார்த்து, "பதினைந்து டிகிரி! இது பிழையல்ல, விதி!" என்று கர்ஜித்தான். தியேட்டரே விசிலில் கிழிந்தது. பேப்பர் பறந்தது. என் பக்கத்து சீட்டில் அந்தப் பிழையைப் போட்டு, அதற்கு மெமோவும் வாங்கிய மனிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை ஒரு பயலும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. கத்தவில்லை. கடைசிப் பெயர் ஓடி முடிகிறவரை பூவரசன் எழுந்திருக்கவும் இல்லை. மேலே ஏறுகிற அத்தனை பெயரையும் வாயசைத்துப் படித்தார். அவர் பெயர் இல்லை.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. குழியைப் பார்க்க பைக்கில் கூட்டம் வரத் தொடங்கியது. சுரங்கக் கம்பெனி வேலி போட்டது. மூன்றாவது வாரம் ராக்கெட்டே வந்தான். எழுதிக் கொடுத்து முறையாக அனுமதி வாங்கி, குழி விளிம்பிலிருந்து நேரலை செய்யப்போகிறானாம். அந்தக் குழியை நன்றாகத் தெரிந்த ஆள் என்று செல்லதுரை, லீவில் இருந்த பூவரசனை வழிகாட்ட வரச் சொன்னான். விதி என்றால் இதைச் சொல்ல வேண்டும். பூவரசன் எனக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினார்: 'பாய் வா.' கடையை அப்படியே பூட்டிவிட்டுப் போய், ராக்கெட்டோடு வந்த கூட்டத்தோடு உள்ளே நுழைந்துவிட்டேன். அவர் சட்டைப்பையில் மெமோ இருந்தது.

காலை பதினோரு மணி வெயில். ராக்கெட் கண்ணாடி, தொப்பி, கையில் கேமரா கம்பு என்று நின்றான். ஹெல்மெட்டும் முகமூடியும் இல்லாத பூவரசனை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் வாயையே திறக்கவில்லை. என் குரலை அவன் கேட்டிருக்கிறான். நேரலையைத் தொடங்கினான். பார்க்கிறவர்கள் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்று ஏறினார்கள். செல்லதுரைக்குத் தானும் கேமராவில் வர ஆசை. பல்லைக் காட்டிக்கொண்டு, "அந்தக் கோணல் ஹோலைப் போட்டதே இவருதான் சார்" என்று பூவரசனைத் தள்ளிவிட்டான்.

ராக்கெட் துள்ளினான். "மக்களே! எட்டாம் கோடு போட்ட ஒரிஜினல் கை! சொல்லுங்கண்ணா, சொல்லுங்க, உங்க ஸ்டோரி என்ன?"

பூவரசன் பையிலிருந்து மெமோவை எடுத்து நீட்டினார். "எனக்குக் காது கேக்காது தம்பி. பேசவும் வராது. எல்லாம் இதுல இருக்கு. படிங்க. சத்தமா படிங்க."

அவனுக்குக் குஷி. கேமராவை மெமோ மேல் காட்டிவிட்டு, வில்லன் மாதிரி குரலை ஏற்றிப் படித்தான். "துளையிடுபவர் பூவரசன், தகப்பனார் பெயர் தங்கராசு! வடக்குச் சுவரில் எட்டாவது துளை பதினைந்து டிகிரி வலப்புறம் சாய்ந்துள்ளது! ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கவும்! தேதியைப் பாருங்க மக்களே, ரெண்டு படமும் எடுக்குறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி!" என்று கத்தினான்.

"பின்னாடியும் இருக்கு தம்பி" என்றார் பூவரசன்.

திருப்பினான். அதே வேகத்தில் தொடங்கினான். "நீராழி ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். கந்தகன் நாற்பத்தெட்டாவது நிமிடம். ரெண்டும் ஒரே குழி. ரெண்டு பேரும்…" அவ்வளவுதான். குரல் இறங்கியது. அந்த நாற்பத்தெட்டாவது நிமிடத்தை அவன் எங்கே கேட்டான் என்று அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கும் வந்துவிட்டது. என் போனில் கருத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. 'இது அந்தக் குவாரி அங்கிள் தியரிதானே?' 'நீதானேடா கலாய்ச்ச?' 'அன்னைக்கே சொன்னேன்னு சொன்னியே, சால்வையக் கழட்டு.' ராக்கெட் மெமோவைப் பார்த்தான், பூவரசனைப் பார்த்தான். "நெட்வொர்க் ப்ராப்ளம் மக்களே" என்று நேரலையை நிறுத்தினான். கம்பை மடக்கிக்கொண்டு காருக்கு நடந்தான். கார் கதவைச் சாத்துவதற்குள் அந்த நேரலையையும் அழித்துவிட்டான்.

அழிக்கட்டும். முதல் நொடியிலிருந்து என் போனில் அந்த நேரலை அப்படியே பதிவாகிக்கொண்டிருந்தது. மூன்று இடத்தில் பிரதி போட்டுவிட்டுத்தான் மூச்சே விட்டேன்.

சினிமா கம்பெனிக்காரன் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தில் பெயரும் சேர்க்கவில்லை. சேர்க்க மாட்டான். செல்லதுரை மட்டும் அன்றைக்குப் பூவரசனைப் பார்த்து, "என்னய்யா, மெமோவை இன்னுமா வச்சிருக்க?" என்று அசடு வழிந்தான். பூவரசன் என் பக்கம் திரும்பினார்.

"அவன் வாயைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன் பாய். ஒண்ணும் காதுல விழலை. என் பேரைப் படிச்சானா?"

"படிச்சான்ணே."

"அப்பா பேரோடயா?"

"அப்பா பேரோட."

"சத்தமாவா?"

நான் போனை எடுத்தேன். ஒலியை முழுசாக ஏற்றி, அவருடைய இடது காதோடு ஒட்டிப் பிடித்தேன். பூவரசன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தடவை போடு பாய்" என்றார்.